ஊட்டி, கொடைக்கானல் போகிறீர்களா? குளிரை விட அறைக்குள் வரும் தணலுக்குப் பயப்படுங்கள்

அரையாண்டுத் தேர்வு முடிந்த மறுநாளே மேட்டுப்பாளையத்திலும் வத்தலக்குண்டிலும் வண்டிகள் வரிசை கட்டிவிடும். கிறிஸ்துமஸ், புத்தாண்டு, அதை ஒட்டிப் பொங்கல் என்று ஊட்டியும் கொடைக்கானலும் நிரம்பி வழியும் மாதம் இது. கிளம்புகிறவர்கள் எல்லாரும் குளிருக்குத்தான் தயாராகிறார்கள். ஸ்வெட்டர், குல்லா, மஃப்ளர், உதட்டுக்குத் தடவ ஒரு களிம்பு. எல்லாம் தேவைதான். ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டிசம்பர், ஜனவரி இரவுகளில் 5, 6 டிகிரிக்கு இறங்கிவிடும். தலைகுந்தா, அவலாஞ்சி மாதிரிப் பள்ளமான புல்வெளிகளில் பூஜ்யத்தைத் தொட்டு உறைபனியே படியும்.

ஆனாலும் கம்பளி போர்த்தி அறைக்குள் படுத்திருக்கும் ஆரோக்கியமான ஆளை இந்தக் குளிர் கொன்றுவிடாது. அந்தக் குளிரை விரட்ட நாம் செய்கிற காரியம் கொன்றுவிடும். கரி அடுப்பை அறைக்குள் வைத்துத் தூங்கியவர்கள் காலையில் எழுந்திருக்கவில்லை என்ற செய்தி கொடைக்கானலிலிருந்தும் நீலகிரியிலிருந்தும் திரும்பத் திரும்ப வருகிறது. ஒவ்வொன்றும் தவிர்த்திருக்கக்கூடிய சாவு. அதனால் அதைத்தான் முதலில், விரிவாகச் சொல்ல வேண்டும்.

அது எப்படி நடக்கிறது என்று பாருங்கள். சாயங்காலம் ஏழு மணிக்கு காட்டேஜ் வாசலில் இரும்புச் சட்டியில் விறகு அடுக்கிக் கொளுத்துகிறார்கள், அல்லது பார்பெக்யூ அடுப்பில் கரி போட்டுக் கோழி சுடுகிறார்கள். முதல் அரை மணி நேரம் புகை கண்ணைக் கரிக்கும். அந்த நேரத்தில் யாரும் அடுப்பை உள்ளே தூக்க நினைக்க மாட்டார்கள். பத்து மணிக்கு மேல் விறகு எரிந்து அடங்கி, மேலே மெல்லிய வெள்ளைச் சாம்பல் பூத்த சிவப்புத் தணல் மட்டும் மிச்சம் இருக்கும். புகை இல்லை, வாடை இல்லை, கையை நீட்டினால் இதமான சூடு. அப்போதுதான் யாராவது, “புகையே இல்லையே, உள்ளே தூக்கி வச்சுக்கலாம்” என்பார்கள். ஜன்னலைச் சாத்தி, கதவுக்கு அடியில் காற்று வராமல் துண்டைச் சுருட்டி வைத்துவிட்டுப் படுப்பார்கள்.

புகை அடங்கியதும் ஆபத்து போய்விட்டது என்ற அந்த எண்ணம்தான் தவறு. கண்ணுக்குத் தெரியும் புகை என்பது விறகின் ஈரமும் தாரும் கரித்துகளும்தான். ஆளைக் கொல்லும் கார்பன் மோனாக்ஸைடு வாயு வேறு. அதற்கு நிறமில்லை, மணமில்லை, தொண்டையைக் கரகரக்கவும் வைக்காது. கரி முழுதாக எரிய நிறையக் காற்று வேண்டும். தணலாகக் கனன்று கொண்டிருக்கும் கரிக்கு அந்த அளவு காற்று கிடைப்பதில்லை, அதனால் அரைகுறையாக எரிந்து இந்த வாயுவை விட்டுக்கொண்டே இருக்கும். சாம்பல் மூடிவிட்டது, அணைந்துவிட்டது என்று நினைக்கும் கரியைக் குச்சியால் கிளறிப் பாருங்கள், உள்ளே சிவப்பாக இருக்கும். மணிக்கணக்கில் அப்படியே கிடக்கும்.

இந்த வாயு ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபினுடன், ஆக்ஸிஜன் ஒட்டுவதைப் போல 200 மடங்குக்கும் மேல் பலமாக ஒட்டிக்கொள்கிறது. அதனால் காற்றில் கொஞ்சம் கலந்திருந்தாலே போதும், ரத்தத்தில் ஆக்ஸிஜனுக்கு இடமில்லாமல் போய்விடும். ஊட்டி உயரத்தில் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்ஸிஜனே கடல் மட்டத்தில் கிடைப்பதில் முக்கால் பங்கு சொச்சம்தான். விழித்திருப்பவருக்குத் தலைவலி, தலைசுற்றல், குமட்டல், காலில் பலமில்லாத உணர்வு வரும். வெளியே ஓடத் தோன்றும். தூங்குகிறவருக்கு இது எதுவும் உறைக்காது. தூக்கம் அப்படியே மயக்கமாக மாறிவிடும். குடித்துவிட்டுப் படுத்தவருக்கு இன்னும் மோசம்.

“ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வச்சா போதாதா?” என்று எப்போதும் கேட்பார்கள். போதாது. எவ்வளவு திறந்தால் போதும் என்று அளந்து சொல்ல முடியாது. காற்று வீசும் திசை மாறும், நள்ளிரவில் குளிர்கிறது என்று யாராவது எழுந்து சாத்திவிடுவார்கள். டென்ட்டுக்குள்ளும் இதே கதைதான். துணிதானே, காற்று போகும் என்று நம்பாதீர்கள். பனியில் நனைந்த டென்ட் துணி காற்றை விடாது. கரி, விறகு, மண்ணெண்ணெய் ஸ்டவ், சிறிய கேஸ் ஸ்டவ் எதையும் படுக்கும் இடத்துக்குள் கொண்டுபோகக் கூடாது. தூங்கப் போகும் முன் அடுப்பில் தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றி, வாசலிலிருந்து நாலைந்து மீட்டர் தள்ளி வைத்துவிடுங்கள்.

ஒரே அறையில் இருக்கும் மூன்று நாலு பேருக்கும் ஒரே நேரத்தில் தலைவலியோ குமட்டலோ வந்தால், “மலை ஏறியது ஒத்துக்கொள்ளவில்லை”, “அந்த ஹோட்டல் சாப்பாடு சரியில்லை” என்று விட்டுவிடாதீர்கள். உடனே எல்லாரும் வெளியே வாருங்கள். வெளியே வந்த கொஞ்ச நேரத்தில் தலைவலி குறைந்தால் சந்தேகமே வேண்டாம், அந்த அறைக் காற்றுதான் காரணம். யாராவது எழுப்பியும் எழவில்லை என்றால் கதவு ஜன்னல் எல்லாவற்றையும் திறந்து, அவரை அங்கிருந்து இழுத்து வெளியே போட்டுவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள். காப்பாற்றப் போகிறவர் மூச்சை அடக்கிக்கொண்டு போய் உடனே வெளியே வந்துவிட வேண்டும். உள்ளேயே நின்று எழுப்பிக்கொண்டிருந்தால் அவரும் விழுவார். மூச்சே இல்லையென்றால் நெஞ்சை அழுத்தி சிபிஆர் தொடங்குங்கள். நினைவில்லாதவர் வாயில் தண்ணீரோ எலுமிச்சைச் சாறோ ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் இறங்கிவிடும்.

இன்னொன்று முக்கியம். கொரோனா காலத்தில் வாங்கிய பல்ஸ் ஆக்ஸிமீட்டரை விரலில் மாட்டி, “98 காட்டுது, ஒண்ணுமில்லை” என்று நிம்மதி அடைந்துவிடாதீர்கள். அந்தக் கருவி ரத்தத்தின் நிறத்தை வைத்துக் கணக்குப் போடுவது. கார்பன் மோனாக்ஸைடு ஒட்டிய ரத்தமும் அதற்கு ஆக்ஸிஜன் ஏறிய ரத்தம் போலவே தெரியும். ஆள் சாகக் கிடக்கும்போதும் 98 காட்டும். ஆம்புலன்ஸில் வருபவரிடமும் டாக்டரிடமும் “அறைக்குள் கரி வைத்துத் தூங்கினார்கள்” என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். அதைச் சொன்னால்தான் மாஸ்க் வைத்து முழு ஆக்ஸிஜன் கொடுப்பார்கள். சாதாரணக் காற்றைச் சுவாசித்தால் ரத்தத்தில் இருக்கும் வாயு பாதியாகக் குறையவே நாலைந்து மணி நேரம் ஆகும். முழு ஆக்ஸிஜன் கொடுத்தால் ஒன்றரை மணி நேரத்தில் அது நடக்கும். எழுந்து உட்கார்ந்துவிட்டவரும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கர்ப்பிணி என்றால் தனக்கு ஒன்றும் தெரியாவிட்டாலும் கட்டாயம் போக வேண்டும், வயிற்றில் இருக்கும் குழந்தைக்குத் தாயை விட அதிகமாகப் பாதிக்கும்.

கார்பன் மோனாக்ஸைடு அலாரம் என்று உள்ளங்கை அளவில் பேட்டரியில் ஓடும் கருவி ஆன்லைனில் கிடைக்கிறது. அடிக்கடி மலைக்குப் போகிறவர்கள் ஒன்று வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளலாம். புகை அலாரம் என்று விற்பது வேறு, அது இந்த வாயுவைக் கண்டுபிடிக்காது.

இதே வாயு இன்னொரு வழியாகவும் வரும்: குளியலறையில் மாட்டியிருக்கும் கேஸ் கீசர். சின்ன குளியலறை, குளிருக்காக வென்டிலேட்டரில் அட்டை வைத்து அடைத்திருப்பார்கள், உள்ளே சிலிண்டர் கேஸில் எரியும் கீசர். ஒருவர் பின் ஒருவராகக் குளிக்கக் குளிக்க உள்ளே ஆக்ஸிஜன் குறைந்துகொண்டே வரும், கேஸ் அரைகுறையாக எரியும். மூன்றாவதாகவோ நான்காவதாகவோ போகிறவர் தாழ்ப்பாள் போட்ட கதவுக்குப் பின்னால் மயங்கி விழுகிறார். அறை எடுக்கும்போதே கீசர் கரண்ட்டா கேஸா என்று கேட்டுவிடுங்கள். கேஸ்தான் என்றால், கருவி குளியலறைக்கு வெளியே மாட்டியிருக்க வேண்டும். உள்ளேதான் இருக்கிறது என்றால் கதவைத் திறந்து வைத்து வாளியில் வெந்நீர் பிடித்து, கீசரை நிறுத்தி, ஐந்து பத்து நிமிஷம் காற்றாட விட்டு, அப்புறம் உள்ளே போய்க் குளியுங்கள். உள்ளே எரியும் ஜுவாலை நீலமாக இல்லாமல் மஞ்சளாக இருந்தால் அந்தக் கீசரைத் தொடவே வேண்டாம், கரண்ட் கீசர் இருக்கும் அறைக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள்.

குழந்தைக்கு வெந்நீர் விளாவும்போது எப்போதும் பச்சைத் தண்ணீரை முதலில் ஊற்றி, வெந்நீரை அப்புறம் சேருங்கள். வெந்நீர் வாளியைப் பிடித்து வைத்துவிட்டுப் பச்சைத் தண்ணீர் எடுக்கத் திரும்பும் அந்த அரை நிமிஷத்தில்தான் குழந்தை கையை விடும். சுட்டுவிட்டால் குழாய்த் தண்ணீரில் 20 நிமிஷம் காட்டுங்கள். மலைத் தண்ணீர் ரொம்பச் சில்லென்று இருக்கும், சுட்ட இடத்தை மட்டும் நனைத்து மற்ற உடம்பைப் போர்த்தி வையுங்கள். டூத்பேஸ்ட், மஞ்சள், மாவு எதுவும் வேண்டாம்.

சரி, கரி வேண்டாம் என்றால் குளிருக்கு என்ன செய்வது? ரூம் ஹீட்டர் கொடுப்பார்கள், வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் அதன் பின்புறம் எத்தனை வாட்ஸ் என்று பாருங்கள். 2,000 வாட்ஸ் ஹீட்டர் 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். சின்ன ப்ளக் பாயின்ட் 6 ஆம்பியருக்குத்தான் ஆனது. செல்போன் சார்ஜ் போடும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இதைச் செருகினால் ஒயர் சூடாகி இளகும், மெத்தைக்கு அடியில் ஓடும் ஒயர் என்றால் அங்கேயே தீப்பிடிக்கும். 16 ஆம்பியர் பவர் ப்ளக்கில் நேராகச் செருகுங்கள். திரைச்சீலை, ரஜாய் (பஞ்சு வைத்த தடித்த போர்வை) எல்லாம் ஒரு மீட்டர் தள்ளி இருக்கட்டும். ஈர சாக்ஸை அதன் மேல் காயப்போடாதீர்கள். படுக்கும் முன் ஒரு மணி நேரம் ஓடவிட்டு அறையைச் சூடாக்கி, படுக்கும்போது அணைத்துவிடுங்கள்.

படுக்கையைச் சூடாக்குவது அறையைச் சூடாக்குவதை விடச் சுலபம். பாதி குளிர் மெத்தையிலிருந்து வருகிறது. அதனால் ஒரு கம்பளியை மெத்தை மேல் விரித்து அதன் மேல் படுங்கள். வெந்நீர்ப் பையில் மூன்றில் இரண்டு பங்கு மட்டும் ஊற்றி, காற்றைப் பிதுக்கி வெளியேற்றிவிட்டு மூடி, துண்டில் சுற்றிப் படுக்கும் பதினைந்து நிமிஷம் முன்னால் ரஜாய்க்குள் வையுங்கள். கொதிக்கக் கொதிக்க ஊற்ற வேண்டாம், ரப்பர் விட்டுவிடும். சர்க்கரை நோயால் காலில் மரமரப்பு இருப்பவர்களுக்குப் படுக்கும்போது அந்தப் பையை எடுத்துவிடுங்கள். சூடு தெரியாமல் இரவெல்லாம் காலை அதன் மேல் வைத்திருந்து காலையில் கொப்புளத்தோடு எழுந்திருப்பார்கள். அந்தப் புண் ஆற மாதக்கணக்கில் ஆகும். கேம்ப் ஃபயரில் காலை நீட்டி உட்காருவதும் அவர்களுக்கு ஆகாது.

பகலில் நடந்து வியர்த்த பனியனையும் சாக்ஸையும் சாயங்காலமே மாற்றிவிடுங்கள். ஈரத் துணி உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். மூன்று மெல்லிய துணி ஒன்றன் மேல் ஒன்று போடுவது ஒரு தடித்த ஸ்வெட்டரை விடக் கதகதப்பு. குடித்தால் குளிர் போகும் என்பது பொய்: தோலுக்கு ரத்தம் பாய்வதால் சூடாகத் தெரியும், உள்ளே இருக்கும் சூடு வெளியேறிக்கொண்டிருக்கும். கைக்குழந்தைக்குப் பெரியவர்களை விட ஒரு அடுக்கு அதிகம் போட்டால் போதும். தூங்கும்போது முகத்தை மூடும்படி ரஜாய் போர்த்தாதீர்கள். கை கால் சில்லென்று இருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், வயிற்றைத் தொட்டுப் பாருங்கள், அது வெதுவெதுப்பாக இருந்தால் குழந்தை நன்றாக இருக்கிறது.

ஆஸ்துமா இருப்பவர்கள் இன்ஹேலரைப் பெட்டியில் வைக்காமல் சட்டைக்கு உள்பையில் வையுங்கள். குளிர்ந்துபோன இன்ஹேலர் சரியாகப் பீச்சாது. வெளியே போகும்போது மூக்கையும் வாயையும் மஃப்ளரால் மூடிக்கொண்டால் காற்று கொஞ்சம் சூடாகி உள்ளே போகும். தினமும் எடுக்கும் மருந்தைச் சுற்றுலா என்று நிறுத்தாதீர்கள். இதய நோய், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் உறைபனி பார்க்க விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்ப வேண்டாம். குளிரில் ரத்தக் குழாய் சுருங்கி அழுத்தம் ஏறும் நேரம் அது. வெயில் வந்தபின் எட்டு மணிக்குப் போனாலும் நிழலான புல்வெளியில் பனி மிச்சம் இருக்கும். மேடு ஏறும்போது நெஞ்சு அழுத்தினால் அங்கேயே உட்கார்ந்துவிடுங்கள், கடையைத் தேடி நடக்காதீர்கள்.

குரங்குக்குத் தின்பண்டம் கொடுக்காதீர்கள். கடித்தாலோ பிறாண்டினாலோ சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவி, அன்றைக்கே அரசு மருத்துவமனையில் வெறிநாய்க்கடி ஊசி போடுங்கள். ஊருக்குத் திரும்பிப் போட்டுக்கொள்ளலாம் என்று தள்ளாதீர்கள்.

அடுத்த பெரிய ஆபத்து இறக்கம். ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் ஏறக்குறைய 50 கிலோமீட்டர், அதற்குள் சுமார் 1,900 மீட்டர் இறங்குகிறோம். ஒன்றரை டன் எடையுள்ள வண்டி அந்த உயரத்திலிருந்து இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் 80 லிட்டருக்கு மேல் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் அவ்வளவு சூடும் நாலு சக்கரத்து பிரேக்கில்தான் இறங்கும். முதலில் ஒரு கருகல் வாடை வரும். அப்புறம் பெடல் கெட்டியாக இருந்தும் வண்டி நிற்காது. பிரேக் ஆயில் பழசாக இருந்தால் அது ஈரத்தை இழுத்து வைத்திருக்கும், சூட்டில் கொதித்து ஆவியாகும், பெடல் பஞ்சு மாதிரி தரை வரை போய்விடும். கிளம்பும் முன் பிரேக் ஆயில் மாற்றி இரண்டு வருஷம் ஆகிவிட்டதா என்று பாருங்கள்.

ஏறும்போது எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். பெரும்பாலும் இரண்டாவது, கொண்டை ஊசி வளைவில் சில இடத்தில் முதலாவது. எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். ஆட்டோமேட்டிக் வண்டியில் D-யில் விட்டுவிடாமல் L, 2 அல்லது மேனுவல் மோடுக்கு மாற்றுங்கள். நியூட்ரலில் உருட்டுவதும், பெட்ரோல் மிச்சம் என்று எஞ்சினை அணைப்பதும் தற்கொலைக்குச் சமம். எஞ்சின் நின்றால் பிரேக்குக்குக் கிடைக்கும் உதவியும் போகும், ஸ்டியரிங்கும் கனத்துவிடும். பிரேக்கைத் தேய்த்துக்கொண்டே போகாமல், அழுத்தி வேகத்தைக் குறைத்து, விட்டு, மறுபடி அழுத்துங்கள். கருகல் வாடை வந்தால் அகலமான இடத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்து, அரை மணி நேரம் ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள், சூட்டில் டிஸ்க் வளைந்துவிடும். கியர் இல்லாத ஸ்கூட்டருக்கு எஞ்சின் பிடிப்பு மிகக் குறைவு. அதில் இரண்டு பேராக மலை இறங்குவதைத் தவிர்த்துவிடுங்கள். ஏறி வரும் வண்டிக்கு வழிவிடுவது விதி. மூடுபனியில் லோ பீம் மட்டும். ஹை பீம் போட்டால் வெளிச்சம் பனியில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பும்.

வேன் எடுத்துப் போகிறவர்கள் டிரைவருக்கும் ஒரு படுக்கையும் கம்பளியும் சேர்த்துக் கேளுங்கள். இதற்குக் காசு பார்க்காதீர்கள். படுக்க இடம் கொடுக்காவிட்டால் அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டு வண்டிக்குள் தூங்குவார். குளிர் தாங்காமல் எஞ்சினை ஓடவிட்டாலோ தணலை உள்ளே வைத்துக்கொண்டாலோ மேலே சொன்ன அதே வாயுதான். தப்பித்தாலும், தூங்காத கண்ணோடு மறுநாள் அந்த இறக்கத்தில் உங்கள் குழந்தைகளை உட்கார வைத்து ஓட்டப் போவது அவர்தான். பிள்ளைகளுக்கு வாந்தி மாத்திரை கொடுப்பதென்றால் கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பு, டாக்டர் சொன்ன அளவில் கொடுங்கள். ப்ரோமெதாசின் என்ற வாந்தி மருந்து இரண்டு வயதுக்குக் கீழே கூடவே கூடாது. வண்டி ஓட்டுகிறவர் இந்த மாத்திரை போடக் கூடாது, தூக்கம் வரும்.

ஊர் திரும்பியபின் ஒன்று கவனியுங்கள். புல்வெளியில் உட்கார்ந்தோ, புதர் ஓரம் டென்ட் போட்டோ வந்தவர்களுக்கு ஆறு நாளிலிருந்து மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் அது ஸ்க்ரப் டைஃபஸ் என்ற உண்ணிக்காய்ச்சலாக இருக்கலாம். தமிழ்நாட்டில் மழைக்குப் பிந்தைய குளிர் மாதங்களில் இது அதிகம். கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னப் பூச்சிக் குஞ்சு கடித்துப் பரவுவது. கடித்த இடத்தில் சிகரெட் சுட்டது போலக் கருப்பாக ஒரு பொருக்கு இருக்கும். வலிக்காது, அரிக்காது, அதனால் யாருக்கும் தெரியாது. அக்குள், தொடை இடுக்கு, மார்புக்கு அடியில், பாவாடை நாடா கட்டும் இடம், குழந்தைகளுக்குக் காதின் பின்புறம் எல்லாம் விளக்கு வெளிச்சத்தில் தேடிப் பாருங்கள். டாக்ஸிசைக்ளின் என்ற விலை குறைந்த மாத்திரையிலேயே குணமாகும் நோய். தாமதித்தால் நுரையீரல், சிறுநீரகம், மூளை வரை போகும். டெங்கு இல்லை என்று ரிசல்ட் வந்தும் காய்ச்சல் விடவில்லை என்றால், எந்தத் தேதியில் எந்த மலைக்குப் போனீர்கள், எங்கே புல்லில் உட்கார்ந்தீர்கள் என்று டாக்டரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். பொருக்கு கண்ணில் பட்டிருந்தால் வெட்கப்படாமல் அந்த இடத்தையும் காட்டுங்கள்.